வயித்துக்குள்ள ஒரு வேர்க்கடலை!

"நாய்க்குப் போய் ஸ்கேனா?"

எதிர் வீட்டு மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு முன்னாடி யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போ சிரிப்பு வராது. எங்க ஜூலியோட உயிர் போகுமா, இருக்குமா என்பதை முடிவு பண்ணியது ஒரு மில்லிமீட்டர் சமாசாரம். அந்த மில்லிமீட்டரைக் காட்டிக் கொடுத்தது ஸ்கேன்!

மக்கு மக்கா தண்ணி!

ஜூலி எங்க வீட்டு லேப்ரடார். வயசு 10. எடை 31 கிலோ. நான் ஐந்தாவது படிக்கும்போது அண்ணன் சைக்கிள் கூடையில் உட்கார்ந்து வந்த குட்டி. இன்னிக்கு நான் இ.சி.இ. மூணாவது வருஷம், அவள் பாட்டி!

போன தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பிச்சது பிரச்னை. தண்ணிக் கிண்ணத்தை ரொப்பினால் பத்து நிமிஷத்தில் காலி. ரொப்பினால் காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் பக்கெட்டை எட்டிப் பார்த்து 'சளக் சளக்'னு குடிக்கிற சத்தம். குடிச்சா போகணும் இல்லையா? பத்து வருஷமா வாசல் தாண்டாமல் ஒரு சொட்டு விடாதவள், நடு ஹாலில் குளம் கட்ட ஆரம்பித்தாள்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பேப்பரைச் சுருட்டி ஒரு போடு போட்டேன். அவள் காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதவே பிடிக்காத வரி இதுதான்.

அடுத்தடுத்து ஒவ்வொண்ணா வந்தது. ஒவ்வொண்ணுக்கும் எங்ககிட்ட ஒரு ரெடிமேட் பதில் இருந்தது.

தொப்பை போட்டது. "நல்லா சாப்பிடுறால்ல... குண்டாயிட்டா!" என்றாள் அம்மா. ரெண்டு பக்க விலாவிலும் முடி கொட்டியது. "புது ஷாம்பு ஒத்துக்கல" என்றான் அண்ணன். ஃபேனுக்குக் கீழே படுத்தும் மூச்சு வாங்கியது. "வெயில்டா" என்றார் அப்பா. மார்கழியில் என்ன வெயில்? யாருக்கும் கேட்கத் தோணலை. எல்லாத்துக்கும் மேலே ஒரு பொதுவான பதில் இருந்துச்சே... "வயசாயிடுச்சு!"

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாடிப்படி ஏற முடியாமல் மூணாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்னிக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

"எத்தனை மக் குடிக்கிறா?"

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இது. நாங்க முழித்தோம்.

"போய் ஒரு நாள் அளந்துட்டு வாங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்."

அளந்தோம். ஒரு லிட்டர் மக்கில் அஞ்சு மக்! ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணி குடித்தால் அந்த நாய்க்கு ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். ஜூலியோட 31 கிலோவுக்கு அந்தக் கோடு 3.1 லிட்டர். அவள் குடித்தது 5 லிட்டர்.

சர்க்கரை நோயா? ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. கிட்னியா? அதுவும் ஓ.கே. ஆனால் ஏ.எல்.பி. என்கிற லிவர் என்சைம் மட்டும் எக்கச்சக்கம். டாக்டர் மேடம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஜூலியின் தொப்பையைப் பார்த்தார், வயிற்றுத் தோலை ரெண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். டிஷ்யூ பேப்பர் மாதிரி மெலிசு.

"அரிப்புக்கு, காதுக்குன்னு ஸ்டீராய்டு மாத்திரை, ஆயின்மென்ட் ஏதாவது ரொம்ப நாள் குடுத்தீங்களா?"

"இல்லை மேடம்."

"அப்ப இது குஷிங்கா இருக்கலாம்."

குஷியா?! நல்ல பேருதான்னு நினைச்சேன். ஹார்வி குஷிங் என்பது அமெரிக்க மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் பெயர். 1912-ல் மனிதர்களிடம் இந்த நோயை விவரித்தவர். அதே நோய் நாய்களுக்கும் வரும். சொல்லப் போனால், மனிதர்களைவிட நாய்களுக்கு ரொம்ப சகஜமாக வரும்.

வில்லன் பேரு கார்ட்டிசால்

கிட்னிக்குப் பக்கத்தில், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு குட்டிச் சுரப்பிகள். பேரு அட்ரினல். வேர்க்கடலையை நினைச்சுக்கோங்க. மேலே ஓடு, உள்ளே பருப்பு. அட்ரினலும் அப்படித்தான். ஓட்டுப் பகுதியான கார்டெக்ஸ், கார்ட்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கும். பருப்புப் பகுதியான மெடுல்லா, அட்ரினலின் சுரக்கும். (பரீட்சை ஹாலில் கொஸ்டின் பேப்பரைத் திருப்பும்போது நமக்கு 'திக்'குங்குதே... அந்த ஆசாமி!)

கார்ட்டிசால் கெட்டவன் இல்லை. உடம்பு சோதனையில் மாட்டும்போது காப்பாத்துறவனே அவன்தான். ஆனால் அளவுக்கு மீறினால் தசையைக் கரைப்பான், தோலை மெலிசாக்குவான், முடியை உதிர்ப்பான், தொப்பையைத் தள்ளுவான், தண்ணித் தாகத்தைக் கிளப்புவான். எங்க வீட்டில் ஷாம்பு மேலயும் வெயில் மேலயும் போட்ட பழி எல்லாம் இவனோட கைங்கர்யம்!

இன்ஜினீயரிங் மக்களே, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'நெகடிவ் ஃபீட்பேக்' படிச்சிருப்பீங்க. இங்கே அது லைவ்! மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'ஏ.சி.டி.ஹெச்.' என்கிற ஆர்டரை அனுப்பும். அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கும். ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறியதும் பிட்யூட்டரி, "போதும்ப்பா" என்று ஆர்டரை நிறுத்தும். ஏ.சி. தெர்மோஸ்டாட் மாதிரி.

இந்தச் சுற்று ரெண்டு இடத்தில் கெடலாம். ஒண்ணு, பிட்யூட்டரியில் குட்டிக் கட்டி வந்து நிறுத்தாமல் ஆர்டர் போட்டுத் தள்ளலாம். நாய்களுக்கு வரும் குஷிங் நோயில் 80 முதல் 85 சதவிகிதம் இந்த வகை. ரெண்டாவது, அட்ரினலிலேயே கட்டி வந்து, யார் ஆர்டரும் இல்லாமல் இஷ்டத்துக்குச் சுரக்கலாம். இது 15 முதல் 20 சதவிகிதம்.

ஜூலிக்கு ஒரு நாள் முழுக்க டெஸ்ட். காலையில் ரத்தம் எடுத்துவிட்டு, டெக்சாமெத்தசோன் ஊசி துளியூண்டு போட்டு, நாலு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, எட்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை மறுபடியும் ரத்தம். நல்ல உடம்பாக இருந்தால் இந்த ஊசிக்குக் கார்ட்டிசால் அடங்கிப் போகணும். ஜூலிக்கு அடங்கவே இல்லை. குஷிங் கன்ஃபர்ம்டு!

சரி, குற்றவாளி தலையில் இருக்கானா, வயித்தில் இருக்கானா? இங்கேதான் என்ட்ரி கொடுத்தது ஸ்கேன்.

இருட்டு ரூமில் எதிரொலி

முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பாடு கட். குடலில் காற்றும் சாப்பாடும் இருந்தால் படம் தெரியாதாம். வயித்து முடியை மெஷினால் வழித்தார்கள். நிறைய ஜெல்லைக் கொட்டினார்கள். நானும் அண்ணனும் ஆளுக்கு ரெண்டு காலைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா செல்லம்... ஒண்ணும் இல்ல..."

அல்ட்ராசவுண்டுக்குள் நடக்கிறது நம்ம சிலபஸ்தான். புரோப் எனும் கருவி ஒரு சத்தத் துடிப்பை அனுப்பும். நம்ம காதுக்குக் கேட்காத சத்தம். உடம்பின் மென்மையான திசுக்களில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற ஒரு சுரப்பியில் பட்டுத் திரும்பி வர ஆகும் நேரம் சுமார் 65 மைக்ரோ செகண்ட். எவ்வளவு நேரத்தில் எதிரொலி வந்தது, எவ்வளவு பலமாக வந்தது... இது ரெண்டையும் வைத்து மெஷின் படம் வரையும். கிணத்தில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற டெக்னிக்கின் லேட்டஸ்ட் வெர்ஷன்!

ஜெல் எதுக்கு? சத்தம் காற்றையும் தோலையும் ஒண்ணா மதிக்காது. நடுவில் மெல்லிசாகக் காற்று இருந்தால்கூட மொத்தமும் முட்டித் திரும்பிவிடும். முடிக்கு நடுவே சிக்கியிருக்கிற காற்றை விரட்டத்தான் ஷேவிங்கும் ஜெல்லும்.

8 மெகா ஹெர்ட்ஸில் அலைநீளம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். அதனால்தான் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள அட்ரினலைக்கூட அளக்க முடிகிறது. "அப்ப ஃப்ரீக்வென்சியை இன்னும் ஏத்தினா இன்னும் ஷார்ப்பா தெரியுமே மேடம்?" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"தெரியும் தம்பி, மேலே மேலே மட்டும் தெரியும். ஆழத்துக்குப் போகாம செத்துடும். உங்க நாய் சைஸ் அப்படி!"

முதலில் இடது அட்ரினல். வேர்க்கடலை மாதிரி நடுவில் ஒடுங்கி இருக்கணும். ரொம்ப காலமாக டாக்டர்கள் வைத்திருந்த கணக்கு, 7.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சந்தேகப்படணும் என்பது. குட்டி சைஸ் நாய்களுக்கு அது பெரிய அளவு என்பதால், இப்போது எடைக்குத் தகுந்த மாதிரி கோட்டை மாத்திக்கொள்கிறார்கள். பத்து கிலோவுக்குக் கீழே என்றால் சுமார் 6 மில்லிமீட்டர்.

ஜூலியின் இடது அட்ரினல் எவ்வளவு தெரியுமா? வெறும் 3.4!

"அப்பாடா, சின்னதாத்தான் இருக்கு" என்று அண்ணன் மூச்சு விட்டான். டாக்டர் மேடம் மட்டும் ஒண்ணும் பேசவில்லை. புரோபை வலது பக்கம் கொண்டு போனார்.

வலது அட்ரினல் கொஞ்சம் கஷ்டமான இடம். விலா எலும்புக்கு அடியில், இன்னும் முன்னால் தள்ளி ஒளிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷம் தேடினார். ஸ்கிரீனில் வேர்க்கடலையைக் காணோம். அங்கே உருண்டையா, கோலி குண்டு மாதிரி ஒண்ணு.

"23 மில்லிமீட்டர்."

ரூமில் ஃபேன் சத்தம் மட்டும்.

அப்புறம்தான் அந்த லாஜிக் புரிந்தது. பிட்யூட்டரி வில்லனாக இருந்தால் ரெண்டு அட்ரினலுக்கும் ஆர்டர் பறக்கும், ரெண்டுமே வீங்கும். வில்லன் ஒரு அட்ரினலிலேயே இருந்தால்? அவன் கொட்டுகிற கார்ட்டிசாலைப் பார்த்து பிட்யூட்டரி ஆர்டரை மொத்தமாக நிறுத்திவிடும். வேலை இல்லாத இன்னொரு அட்ரினல் சுருங்கிப் போய்விடும். ஆக, ஒரு பக்கம் பெருசு, மறு பக்கம் சிறுசு என்றால் குற்றவாளி அங்கேயே இருக்கான். அண்ணன் சந்தோஷப்பட்ட அந்த 3.4-தான் உண்மையில் கெட்ட செய்தி!

கட்டி சரி... கதவைத் தாண்டிச்சா?

இடப் பக்கம், வலப் பக்கம் என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? ஏகப்பட்ட வித்தியாசம். வலது அட்ரினல் ஒட்டிக்கொண்டிருப்பது 'வீனா கேவா' என்கிற ரத்தக் குழாயோடு. உடம்பின் பின்பாதி ரத்தம் மொத்தமும் இதயத்துக்குத் திரும்புகிற ஹைவே அது. அட்ரினல் கட்டிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்துச் சின்ன ரத்தக் குழாய் வழியாகப் புகுந்து, இந்த ஹைவேக்குள்ளேயே கொடி மாதிரி வளரும். அப்படி நுழைந்துவிட்டால் ஆபரேஷன் வேற லெவல் ரிஸ்க்.

டாப்ளர் போட்டுப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கம்மென்றும் கேட்குமே... அதே தத்துவம். புரோபை நோக்கி வரும் ரத்தம் ஒரு நிறம், விலகிப் போவது இன்னொரு நிறம். கட்டிக்குப் பக்கத்தில் நிறம் ஒரு இடத்தில் ஒடுங்கித் தெரிந்தது. உள்ளே நுழைஞ்சிருக்கா, வெளியிலிருந்து அழுத்துதா? சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 20 மில்லிமீட்டரைத் தாண்டிய அட்ரினல் கட்டி என்றால் அது புற்றுநோயாக இருக்கிற சந்தேகம் கூடும். ஜூலி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"சி.டி. எடுத்துடலாம். அதைப் பார்க்காம ஆபரேஷனைப் பத்திப் பேசவே வேண்டாம்" என்றார் டாக்டர்.

அன்னிக்கு ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. சி.டி., அப்புறம் ஆபரேஷன், மருந்து... எல்லாம் சேர்த்தால் அப்பாவின் ரெண்டு மாசச் சம்பளம். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் வேற வாசலில் நிற்குது. "அது ஒரு ஜீவன். ஆனா நம்ம நிலைமையும் பார்க்கணும்ல..." என்று அப்பா இழுத்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. யாரும் பதில் பேசவில்லை. ஜூலி வழக்கம்போல அவர் கால்மாட்டில் வந்து படுத்து, அவர் பாதத்து மேல தாடையை வைத்துக்கொண்டாள். அஞ்சு நிமிஷம் கழித்து அப்பாவே எழுந்துபோய் பீரோவைத் திறந்தார்.

வாழைக்காய் சீவல் டெக்னிக்

முழு வாழைக்காயை வெட்டாமலே, சிப்ஸ் மாதிரி மெல்லிசு மெல்லிசா சீவிப் பார்க்க முடிந்தால்? அதுதான் சி.டி. எக்ஸ்-ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு சீவலையும் திருப்பிக் கட்டும்.

எப்படி? ஒரு பேப்பர் எடுங்க. ரெண்டுக்கு ரெண்டு, நாலு கட்டம் போடுங்க. ஒவ்வொண்ணிலும் ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. மேல் வரிசையின் கூட்டல் 3, கீழ் வரிசை 7. முதல் நெடுவரிசை 4, அடுத்தது 6. இதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் குறுக்கே கூட்டினால் 5 என்றும் சொன்னால்? உடனே விடை வந்துவிடும்: மேலே 1, 2. கீழே 3, 4. ஒவ்வொரு எக்ஸ்-ரே கதிரும் இப்படி ஒரு கூட்டல் விடைதான். கோணம் கூடக் கூட கட்டத்துக்குள் இருக்கிற எண் வெளியே வரும். சி.டி. ஸ்கேன் இதே கணக்கை நாலு கட்டத்துக்குப் பதிலா லட்சக்கணக்கான கட்டத்துக்குப் போடுது!

சாதா எக்ஸ்-ரேயில் இதெல்லாம் முடியாதா என்றால்... ஓரளவுக்குத்தான். அட்ரினல் கார்டெக்ஸ் கட்டிகளில் கிட்டத்தட்ட பாதியில் கால்சியம் படிந்திருக்கும். அது எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியலாம். ஆனால் ரத்தக் குழாய்க்குள் என்ன நடக்குதுன்னு அது சொல்லாது.

மனுஷங்களுக்கு, "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு சொன்னால் பிடிப்போம். ஜூலிகிட்ட சொன்னா நம்ம மூஞ்சியை நக்குவாள்! அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கணும். பிறகு அயோடின் கலந்த மருந்தை ரத்தத்தில் செலுத்தி, முதலில் தமனி நிறையும்போது ஒரு தடவை, அப்புறம் சிரை நிறையும்போது ஒரு தடவை. ரத்தக் குழாய் பளீர் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் கறுப்பா ஒரு ஓட்டை இருந்தால், கட்டி உள்ளே நுழைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

இதில் சி.டி. எவ்வளவு கெட்டி என்றால், நாய்களில் எடுத்த சி.டி. முடிவுகளை அப்புறம் ஆபரேஷனிலும் பிரேதப் பரிசோதனையிலும் ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தக் குழாய்க்குள் கட்டி நுழைந்திருந்த நாய்களில் 92 சதவிகிதத்தை சி.டி. சரியாகப் பிடித்திருந்தது. 'இருக்கு' என்று அது சொன்ன எந்த நாயிலும் அது பொய்க்கவில்லை. ஆனால் கவனிங்க... 100-ல் 8 தப்பலாம். 'இல்லை' என்று சொன்னாலும் முழுசா நிம்மதி கிடையாது.

டாக்டர் மவுஸை உருட்ட உருட்ட, ஸ்கிரீனில் ஜூலி சீவல் சீவலாக ஓடினாள். நுரையீரல் சுத்தம். லிவர் சுத்தம். அப்புறம் அந்த உருண்டை. 24 மில்லிமீட்டர். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வீனா கேவா. உருண்டை அழுத்துகிற இடத்தில் மட்டும் பிறை மாதிரி வளைந்திருந்தது. ஓட்டை இல்லை!

"உள்ளே போகலை. வாசல்ல நிக்குது. நடுவுல குழாயோட சுவர் மட்டும்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது" என்றார்.

மூணு மாசம் 'வயசாயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தோமே... அந்த மூணு மாசமும் அது வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கு.

பாக்ஸ்: டாக்டர் இல்லை, இன்ஜினீயர்!

சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். பல்கலைக்கழகப் பட்டம்கூட கிடையாது, டிப்ளமோதான்! இங்கிலாந்தில் ரெக்கார்டு கம்பெனியாகப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ.யில் வேலை பார்த்தவர். அவருடைய ஆரம்பகால பரிசோதனையில் ஒரே ஒரு ஸ்கேனுக்கு 9 நாள் ஆனது. பரிசோதனைக்காக அவர் மாட்டு மூளையைக்கூட ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்! 1971 அக்டோபரில் லண்டனில் முதல் மனித நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை, இயற்பியலாளர் ஆலன் கார்மக்கோடு பகிர்ந்துகொண்டார். மருத்துவ நோபல் வாங்கிய ரெண்டு பேருமே டாக்டர் இல்லை. இன்றைக்கும் சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு அவர் பெயரில்தான். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000.

பாக்ஸ்: நாய் சொல்லித் தந்த மருந்து

டி.டி.டி. பூச்சிமருந்தின் ஒன்றுவிட்ட தம்பி டி.டி.டி. (தட்டச்சுப் பிழை இல்லை. முதல் பெயரின் கடைசி எழுத்து ஆங்கில 'டி'யில் காபி 'டீ' என்கிற 'டீ', ரெண்டாவதில் 'டாக்' என்பதன் 'டி'!) இந்தத் தம்பியை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் அட்ரினல் கார்டெக்ஸ் கருகிச் சுருங்குவதை 1949-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மைட்டோடேன். இன்றுவரை மனிதர்களின் அட்ரினல் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. அந்த நாய்களுக்கு நாம் கடன்பட்டிருக்கோம்!

படம் சொல்லாத ரகசியம்

ஸ்கேன் பெரிய ஆள்தான். ஆனால் எல்லாம் தெரிஞ்ச ஆள் இல்லை. கட்டி எங்கே இருக்கு, எவ்வளவு பெருசு, எதைத் தொடுது என்பதைச் சொல்லும். கட்டியின் பெயரைச் சொல்லாது.

அட்ரினலில் ஓட்டுப் பகுதியில் வந்தால் ஒரு கட்டி. பருப்புப் பகுதியில் வந்தால் வேறு கட்டி. பேரு ஃபியோகுரோமோசைட்டோமா. (மூணு தடவை வேகமா சொல்லிப் பாருங்க!) இது கார்ட்டிசாலைத் தொடாது, அட்ரினலினைக் கொட்டும். ஆபரேஷனில் டாக்டர் கை பட்டாலே ரத்த அழுத்தம் ராக்கெட் மாதிரி ஏறும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஃபீனாக்ஸிபென்சமைன் என்ற மருந்தைச் சில வாரம் கொடுத்துத் தயார் பண்ணுவார்கள். இந்த மருந்து கொடுத்த நாய்களில் 13 சதவிகிதமும், கொடுக்காத நாய்களில் 48 சதவிகிதமும் இறந்ததாக 2008-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. ஸ்கேனில் ரெண்டு கட்டியும் ஒரே மாதிரி தெரியலாம். அதனால்தான் படத்தை மட்டும் நம்பாமல், ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேறு எதுக்கோ வயித்து ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக அட்ரினல் கட்டி மாட்டும். 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஸ்கேன் எடுத்த 3,748 நாய்களில் 151-க்கு இப்படி ஏதோ ஒண்ணு தெரிந்தது. சுமார் 4 சதவிகிதம். அதில் பலதும் எந்தத் தொந்தரவும் தராத கட்டிகள். எல்லாத்தையும் வெட்டி எடுக்கணும்னு அவசியம் இல்லை. சிலதைச் சும்மா மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்தாலே போதும்.

பாக்ஸ்: உங்க வீட்டு நாய்க்குமா?

நடுத்தர வயசைத் தாண்டிய நாயிடம் இதெல்லாம் இருந்தால் 'வயசு' என்று விட்டுவிடாதீங்க:

* மடமடவென்று தண்ணி குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது
* எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி
* கை கால் மெலிந்து, வயிறு மட்டும் தொங்குவது
* ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது, அரிப்பு இல்லாமல்
* சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது
* மெலிசான தோல், மாடிப்படி ஏறத் திணறுவது

டாக்டரிடம் போகும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணியை அளந்து எழுதிக்கோங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஸ்டீராய்டு வாங்கித் தராதீங்க. அதுவே குஷிங்கைக் கொண்டுவரும். ரொம்ப நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர்தான் குறைக்கணும்.

மிச்சம் இருந்த தண்ணி

ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு, டிரைலோஸ்டேன் மாத்திரை. கார்ட்டிசால் உற்பத்தியைக் குறைக்கும், கட்டி அப்படியே இருக்கும். ரெண்டு, ஆபரேஷன். கட்டி போகும், ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் ரொம்ப ஆபத்து. நுரையீரலில் ரத்தம் உறையலாம், கணையம் வீங்கலாம். வயசான, நடக்கவே முடியாத நாய்க்கு மாத்திரையே நல்ல முடிவுதான். எங்களுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் சுவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. சில வாரம் மாத்திரை கொடுத்து உடம்பைத் தேற்றி, மாசி மாசம் ஆபரேஷன்.

மூணு மணி நேரம். வெளியே வந்த டாக்டர் சொன்னது, "ஸ்கேன்ல பார்த்தது அப்படியே இருந்துச்சு. குழாயிலிருந்து பிரிச்சு எடுத்துட்டோம்."

லேப் ரிப்போர்ட் ஒரு வாரம் கழித்து வந்தது. கார்சினோமா. புற்றுநோய்தான். ஆனால் கட்டியின் உறையைத் தாண்டவில்லை. அந்த ஒரு வரியை அம்மா நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

தூங்கிப் போயிருந்த இடது அட்ரினல் உடனே முழிச்சுக்காது இல்லையா? அதுவரைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை வெளியிலிருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். எந்தக் கார்ட்டிசாலோடு சண்டை போட்டோமோ, அதையே வாழைப்பழத்தில் வைத்து ஊட்ட வேண்டிய வேடிக்கை! மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். இதுவரை சுத்தம். இனிமேல் என்னன்னு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போ ஆடிக் காற்று அடிக்குது. விலாவில் பொசுபொசுன்னு புது முடி. எதிர் வீட்டு மாமா நேற்று வந்து, "எங்க வீட்டு ராக்கியும் ரொம்ப தண்ணி குடிக்கிறான்டா... அது என்ன ஸ்கேன்னு சொன்னே?" என்று கேட்டார். ஒரு லிட்டர் மக்கை அவர் கையில் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் சீக்கிரம் எழுந்துவிட்டேன். ஹால் காய்ந்திருந்தது. ஜூலி கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி வைத்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன்.

பாதித் தண்ணி அப்படியே மிச்சம் இருந்தது.